பதுங்குகுழியில் ஒரு பட்டாலியன்: ஆள்கணக்கும் அன்றாட வேலையும்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய்கள் பதுங்குகுழியில் நாள் முழுக்க என்ன செய்தார்கள், பெரிய தாக்குதல் நடக்காத நாட்களில் சும்மா உட்கார்ந்திருந்தார்களா என்பது கேள்வி. சும்மா உட்கார அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மண் வெட்டினார்கள், சுமை தூக்கினார்கள், காவல் நின்றார்கள். மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தபடி தூங்கினார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மன் படையை எதிர்கொண்ட மேற்கு முனையில் இருந்த ஒரு பட்டாலியனின் வாழ்க்கை புரிய வேண்டுமானால் முதலில் ஆள்கணக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்கான வேலை இருந்தது? குழிவாழ்க்கையின் சிரமங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களும் ஒத்துவராததால் வந்தது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் 1915 இறுதி முதல் 1917 இறுதி வரை, பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியிலும் வடக்குப் பிரான்சிலும் இருந்த நிலை.

காகிதத்தில் பட்டாலியன் பெரியது. 1914-ஆம் ஆண்டின் போர்க்கால அட்டவணைப்படி 30 அதிகாரிகள், 977 மற்றவர்கள், ஆக 1,007 பேர். லெப்டினன்ட் கர்னல் ஒருவர் தலைமை. அவருக்குக் கீழே நான்கு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் 227 பேர். கம்பெனிக்கு நான்கு பிளாட்டூன், பிளாட்டூனுக்கு நான்கு செக்‌ஷன். இதிலிருந்து குதிரைவண்டி ஓட்டுபவர்கள், சமையல்காரர்கள், ஸ்டோர் ஆட்கள், பூட்ஸ் தைப்பவர்கள், தொலைபேசி ஆட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள், விடுப்பில் போனவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லோரையும் கழித்துப் பாருங்கள். இறந்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் பதிலாக வர வேண்டியவர்கள் உரிய நேரத்தில் வந்து சேர்வதும் அபூர்வம். துப்பாக்கியோடு குழியில் நிற்க 500, 600 பேர் தேறினால் அது நல்ல நிலை. 50 பேர் இருக்க வேண்டிய பிளாட்டூனில் 25, 30 பேர் இருப்பார்கள். ஆள் குறைந்தது என்பதற்காகக் காக்க வேண்டிய கோட்டின் நீளம் குறையவில்லை.

குழி என்பது ஒற்றைப் பள்ளம் அல்ல. முன்வரிசைக் குழி, அதற்கு 70 முதல் 100 கஜம் பின்னால் துணைக்குழி, இன்னும் சில நூறு கஜம் தள்ளி ஒதுக்குக்குழி, இவற்றைக் குறுக்கே இணைக்கும் தொடர்புக் குழிகள் என்று ஒரு வலைப்பின்னலே இருந்தது. வழக்கமாக இரண்டு கம்பெனிகள் முன்வரிசையில், ஒன்று துணைக்குழியில், ஒன்று ஒதுக்கில். முன்வரிசை நேராகப் போகாது. சில கஜத்துக்கு ஒருமுறை விடப்பட்ட கெட்டியான மண்திட்டைச் சுற்றிக்கொண்டு மடங்கும். பீரங்கிக் குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் இரண்டு மடிப்புக்கு நடுவிலுள்ள அந்த ஒரு பகுதியோடு நின்றுவிட வேண்டும், எதிரி ஒரு மூலையில் புகுந்துவிட்டாலும் குழி நெடுகச் சுட முடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மடிப்புகள். உயிரைக் காத்த அதே மடிப்புதான், காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தடையாக நின்றது.

குழியின் ஆழம் ஆள் குனியாமல் நடக்கும் அளவு, ஏறக்குறைய ஏழு அடி. அந்த ஆழத்தில் நின்றால் வெளியே தெரியாது. ஆகவே எதிரியைப் பார்த்த சுவரோரமாக, தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்தில் ஏறி நின்று சுட ஒரு படி இருக்கும். பகலில் அதுதான் உட்காரும் திண்ணை, படுக்கையும் அதுவே. எதிரிப் பக்கம் மண்ணைக் குவித்து முன்மேடு. முதுகுப் பக்கம் பின்மேடு. பின்மேடு இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும் குண்டின் துண்டுகள் முதுகில் பாயும். தலை தூக்கும் காவலாளும் வெளிறிய வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிவார்.

வடக்குப் பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியின் சுண்ணாம்புப் பாறையில் இப்படி ஆழமாகத் தோண்ட முடிந்தது. ஈப்பர் உள்ளிட்ட ஃபிளாண்டர்ஸ் சமவெளியின் களிமண்ணில் இரண்டு மூன்றடி வெட்டினாலே தண்ணீர் ஊறும். லவென்டி, ஃபெஸ்டுபேர், பிளோக்ஸ்டீர்ட் போன்ற இடங்களில் குழி என்று பெயர் இருந்ததே தவிர, இருந்தது தரைக்கு மேலே மணல்மூட்டையால் எழுப்பிய மதில்தான்.

மூட்டை அடுக்குவது கிட்டத்தட்ட செங்கல் கட்டுமானம். சாக்கை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் உருண்டையாகிப் பக்கத்து மூட்டையோடு பொருந்தாது. நிரப்பிக் கட்டி, மண்வெட்டியின் முதுகால் அடித்துத் தட்டையாக்கினால் ஏறக்குறைய 20 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல உயரம் வரும். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில், இணைப்பு மேல் இணைப்பு வராமல் அடுக்க வேண்டும். கட்டிய வாயும் தையலும் உள்பக்க மண்ணைப் பார்க்க வேண்டும். வாயை வெளியே விட்டால் சில வாரங்களில் சாக்கு இற்று மண் கொட்டும். சுவர் செங்குத்தாக நிற்கக் கூடாது, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் பின்னோக்கிச் சாய வேண்டும். இரவில், அவசரத்தில், விளக்கில்லாமல் கட்டியதால் இந்த விதிகளில் ஏதாவது ஒன்று தவறும். முதல் கனமழையில் அந்த இடம் அப்படியே குழிக்குள் சரியும். மறுநாள் இரவு அதே ஆட்கள் அதே சுவரை மறுபடி கட்டுவார்கள்.

மேல்பகுதி மெலிந்துபோவது இன்னொரு கோளாறு. துப்பாக்கி ரவையைத் தடுக்க மண் குறைந்தது மூன்றடித் தடிமன் வேண்டும். புதிதாக வந்தவர்கள் உயரத்தைக் கூட்ட ஒற்றை மூட்டையை மேலே வைத்துவிட்டு, அதன் பின்னால் தலை பத்திரம் என்று நம்பினார்கள். ரவை மூட்டையைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஆரம்ப காலத்தில் பிரிட்டிஷ் முன்மேடுகள் ஒழுங்காக, மட்டமாக இருந்தன. கண்ணுக்கு அழகு, உயிருக்குக் கேடு. அந்த நேர்க்கோட்டுக்கு மேல் எது அசைந்தாலும் பளிச்சென்று தெரியும். ஜெர்மானியர்கள் மேட்டை ஏறுமாறாக விட்டு, பல நிறச் சாக்குகளைக் கலந்து, சுடும் துளைகளை அந்தக் குழப்பத்தில் ஒளித்தார்கள். இதைக் கற்றுக்கொள்ளப் பிரிட்டிஷார் பல உயிர்களைக் கொடுத்தார்கள். இரும்புத் தலைக்கவசம் எல்லோருக்கும் கிடைத்ததே 1916-இல்தான்.

தரையில் மரச்சட்டப் பலகைகள் போட்டு, அதன் அடியில் தண்ணீர் ஓட வழி விட்டார்கள். ஆங்காங்கே நீர்க்குழி வெட்டிக் கைப்பம்பால் இறைத்தார்கள். குளிர் தாங்காமல் யாராவது ஒரு சட்டத்தைப் பிடுங்கி எரித்துவிட்டால், அன்றிரவு அந்த இடைவெளியில் இன்னொருவர் கால் சிக்கும். ராணுவக் கையேடு ஒரு ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் 80 கன அடி மண் என்று கணக்கு வைத்திருந்தது: முதல் மணியில் 30, அடுத்து 25, பிறகு 15, கடைசியில் 10. சாதாரண மண்ணுக்கான கணக்கு அது. மண்வெட்டியை விட்டுப் பிரியாத ஃபிளாண்டர்ஸ் களிமண்ணை, குனிந்தபடி, இருட்டில் வெட்டியவர்களுக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை.

இனி காவல். இரவில் ஒரு காவல்நிலைக்கு ஆறு பேர், அவர்களை மேய்க்க ஒரு கார்ப்பரல். இரண்டு பேர் படியில் ஏறி, தலையை வெளியே நீட்டி இரண்டு மணி நேரம் நிற்பார்கள். மற்ற நான்கு பேர் இறங்கி இருப்பார்கள். ஆக இரண்டு மணி வேலை, நான்கு மணி ஓய்வு. ஏட்டில் இது நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுவர் கட்ட, கம்பி போட, சாப்பாடு தூக்க, தண்ணீர் தூக்க ஆள் வேண்டுமே, அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இந்த நால்வரிலிருந்துதான். ஓய்வின் நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதியை வேலை தின்றுவிடும். நான்கைந்து நாள் இப்படிக் கழிந்த பிறகு, நின்றபடியே கண் சொக்குவது உடம்பின் இயல்பு. காவலில் தூங்குவது மரண தண்டனைக்குரிய குற்றம். போர் முழுவதிலும் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்டது இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் மெசபடோமியாவில். தண்டனையை உறுதிசெய்ய வேண்டிய தளபதிகளுக்கே அந்தத் தூக்கத்தின் காரணம் தெரிந்திருந்தது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். நல்ல அதிகாரி இரவில் ஓயாமல் குழி நெடுக நடந்து ஒவ்வொரு காவலாளிடமும் இரண்டு வார்த்தை பேசுவார். வேவு பார்ப்பதைவிட விழித்திருக்க வைப்பதே அந்த நடையின் பயன்.

பகலில் காவல் குறைவு. பிளாட்டூனுக்கு ஒருவர் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்தால் போதும். அதனால் தூக்கம் என்பது பகலில், பெரும்பாலும் பிற்பகலில் கிடைப்பது. இரவுதான் வேலைநாள்.

அந்த இரவின் முடிவில், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, எல்லோரையும் எழுப்பிப் படியில் நிறுத்துவார்கள். துப்பாக்கி முனையில் கத்தி மாட்டியிருக்கும். முள்கம்பிக்கு அப்பால் தெளிவாகத் தெரியும் வரை யாரும் இறங்கக் கூடாது. மாலை மங்கும்போதும் இதே நிற்றல். தாக்க வருபவர் நெருங்குவதற்குப் போதிய இருளும், வந்த பிறகு சண்டையிடப் போதிய வெளிச்சமும் அரை இருட்டில்தான் கிடைக்கும். எதிர்த்தரப்பும் அதே நேரத்தில் அதே போல விழித்து நிற்கும். இரண்டு பக்கமும் சில நிமிடங்கள் கண்மூடித்தனமாகச் சுட்டுத் தீர்ப்பதும் உண்டு.

இறங்கச் சொன்னதும் ரம். கல்ஜாடியில் ஒரு காலன் வரும். ஒரு ஆளுக்கு அதில் 64-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். அதிகாரியின் கண்ணெதிரே அங்கேயே குடித்துவிட வேண்டும். பங்கைச் சேர்த்துவைக்கவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ விட்டால் ஒருவர் நிலை தடுமாறுவார், மற்றவர் ஏமாறுவார். பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய பிரிவுதான் டிவிஷன்; எல்லா டிவிஷனும் இதைத் தரவில்லை. 33-ஆவது டிவிஷனின் தளபதி பின்னி ரம்மை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுத்தார்.

அடுத்து துப்பாக்கிச் சோதனை. அவர்களுடைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் பத்துத் தோட்டா போகும், எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நன்றாகத் தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடுவார். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தாழ்ப்பாளில் ஒரு விரல்நுனி அளவு சேறு புகுந்தால் அது அசையாது. எண்ணெய் தோய்த்த துணித்துண்டைக் கயிற்றில் கட்டிக் குழாய் வழியாக இழுப்பார்கள், தாழ்ப்பாளைத் துடைப்பார்கள், பிறகு அந்தப் பகுதிக்குத் துணியுறை மாட்டுவார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பிரித்துப் போட்டுவிடக் கூடாது. சிலர் துடைக்கும்போது மற்றவர் துப்பாக்கி தயாராக இருக்க வேண்டும். இதே நேரத்தில் கம்பெனி அதிகாரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறிக்கைகள் எழுதிக்கொண்டிருப்பார்: எத்தனை பேர் காயம், இரவில் எத்தனை கஜம் கம்பி போடப்பட்டது, என்னென்ன பொருள் வேண்டும், காற்று எந்தத் திசையில் வீசுகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பருக்கு அருகே குளோரின் வாயு வந்த பிறகு, கடைசிக் கேள்விக்குத் தினமும் பதில் எழுத வேண்டியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டாலியனின் ஆள்பலத்தை அதிகம் உறிஞ்சிய வேலைகளில் அது ஒன்று. போர்த் தொடக்கத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் பவுண்டு இறைச்சி அல்லது ஒரு பவுண்டு டின் இறைச்சி, ஒன்றேகால் பவுண்டு ரொட்டி அல்லது ஒரு பவுண்டு பிஸ்கட், 4 அவுன்ஸ் பன்றி இறைச்சி, 3 அவுன்ஸ் சீஸ், 4 அவுன்ஸ் ஜாம், 3 அவுன்ஸ் சர்க்கரை, அரை அவுன்ஸுக்குச் சற்று அதிகமாகத் தேயிலை, கொஞ்சம் காய்கறி. நாலாயிரம் கலோரிக்கு மேல். பிறகு அளவு குறைக்கப்பட்டது. அப்போதும் பசியால் வாடிய படை அது அல்ல. ஜெர்மன் சிப்பாயைவிட நன்றாகவே சாப்பிட்டது. குறை அளவில் இல்லை, அது வந்து சேர்ந்த நிலையில் இருந்தது.

ரயில் நிலையம் வரை ரயில், அங்கிருந்து லாரி, பிறகு பட்டாலியனின் பண்டங்களுக்குப் பொறுப்பான குவார்ட்டர்மாஸ்டரின் குதிரை வண்டிகள். இருட்டிய பிறகு வண்டிகள் குழிக்குப் பின்னால் ஒரு குறித்த இடம் வரை வரும். ஜெர்மன் பீரங்கிகளுக்கும் அந்தச் சாலைகளின் தூரம் அத்துபடி; ஈப்பருக்குக் கிழக்கே மெனின் சாலைச் சந்திப்பை எல்லா வண்டிகளும் பாய்ச்சலில் கடந்தன. அங்கிருந்து மனிதத் தோள். பிளாட்டூன் வாரியாகப் பிரித்த பொருட்களைச் சாக்கில் போட்டு, இரண்டு சாக்கை ஒன்றாகக் கட்டி, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் தொங்கவிட்டுத் தூக்கிவருவார்கள். தேயிலையும் சர்க்கரையும் சாக்கின் ஒரு மூலையில் முடிச்சுப் போட்டிருக்கும். மழையில் சாக்கு நனைந்தால் ரொட்டி ஊறிச் சாக்கு நார் ஒட்டிக்கொள்ளும், சீஸில் மண் படியும், முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் கலந்துவிடும். தூக்கிவரும் ஒருவர் குண்டில் விழுந்தால் ஒரு பிளாட்டூனுக்கு அன்று ரொட்டி இல்லை. ஒரு ரொட்டியை மூன்று பேர் பங்கிட்டால் நல்ல நாள், ஏழெட்டுப் பேர் பங்கிட்டால் மோசமான நாள். எதுவும் வராத நாளுக்கென்று ஒவ்வொருவர் பையிலும் டின் இறைச்சி, பிஸ்கட், தேயிலை, சர்க்கரை கொண்ட அவசரப் பங்கு இருந்தது. அதிகாரி உத்தரவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. சோதனையில் குறைந்தால் தண்டனை.

தண்ணீர் இன்னும் கடினம். இரண்டு காலன் பெட்ரோல் டின்களில் வந்தது. நிரப்பிய டின் பத்துக் கிலோவுக்கு மேல். ஒருவர் இரண்டு தூக்குவார். கழுவினாலும் பெட்ரோல் வாடை போகாது, அதோடு கிருமி கொல்லப் போட்ட குளோரின் சுவையும் சேரும், தேநீர் வழியாக இரண்டும் நாக்குக்கு வரும். தாகத்தில் குண்டுப் பள்ளத்து நீரை மொண்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு. அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விறகு எரித்துப் புகை எழுந்தால் குண்டு வரும். ஆகவே கரி, கோக், மெழுகில் ஊறிய சாக்குத் துணி. ஒரு கோப்பைத் தேநீர் கொதிக்க அரை மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

பட்டாலியன் நல்ல பட்டாலியனா என்று பார்க்க வேண்டுமானால் நான் அதன் பதக்கங்களை விட்டுவிட்டுக் காலுறைகளைத்தான் பார்ப்பேன். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய 20,000 பேருக்குக் குழிப்பாதம் வந்தது. பாதம் முதலில் மரத்துப்போகும், வீங்கும், நீலம் பாரிக்கும்; முற்றினால் அழுகி, விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டியிருக்கும். பனிக்கட்டிக் குளிர் இதற்குத் தேவையில்லை. ஈரம், குளிர், இறுகிய பூட்ஸ், கெண்டைக்காலில் அழுத்திச் சுற்றிய துணிப்பட்டை, அசையாமல் நிற்பது, இவை சேர்ந்து ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் போதும்.

தடுக்கும் முறை எளிது, நடத்துவது கடினம். நாளுக்கு ஒருமுறையாவது பூட்ஸைக் கழற்ற வேண்டும், பாதத்தைத் துடைத்துத் தேய்க்க வேண்டும், திமிங்கில எண்ணெய் பூச வேண்டும், உலர்ந்த காலுறை போட வேண்டும். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பாதத்தை மற்றவர் தேய்க்கச் சொன்னார்கள். விறைத்த விரலால் தன் காலைத் தானே தேய்ப்பவர் பாதியில் விட்டுவிடுவார். பிளாட்டூன் அதிகாரி மண்டியிட்டு ஒவ்வொரு பாதமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இரவும் ரேஷனோடு உலர்ந்த காலுறைகள் மேலே வரும், நனைந்தவை துவைத்துக் காயவைக்கக் கீழே போகும். 600 பேருக்கு 600 ஜோடி. அதைத் தூக்கவும் தோள் வேண்டும். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸ் உதவியது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. உள்ளே வியர்த்து நனைந்ததைக் கவனிக்காமல் விட்டால் அதுவே நோய் தந்தது. எண்ணெய் மட்டும் பூசிவிட்டுக் காலுறை மாற்றாதவர்களுக்கும் நோய் வந்தது. எண்ணிக்கை கூடினால் கட்டளை அதிகாரி மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று விதி வந்த பிறகு, நோய் பெருமளவு குறைந்தது. மருந்தைவிட மேற்பார்வை காப்பாற்றிய நோய் இது.

கழிப்பிடம் முன்வரிசைக்குப் பின்னால் ஒரு குட்டைக் கிளைக்குழியில் இருந்தது. வாளி அல்லது ஆழமான குழி. கம்பெனிக்கு இரண்டு துப்புரவு ஆட்கள் இரவில் வாளியில் சேர்ந்ததைப் புதைத்துச் சுண்ணாம்புக் குளோரைடு தூவினார்கள். எதிரிக்கு அந்த இடம் தெரிந்துவிட்டால் காலை நேரத்தில் குறிவைத்துக் குண்டு போடுவான். காலி டின்களைப் புதைக்காத கம்பெனியில் எலியும் ஈயும் பெருகின.

காயம்பட்டவர் விழுந்தால், அவர் சட்டையில் தைத்து வைத்திருக்கும் கட்டுத்துணியை எடுத்துத்தான் கட்ட வேண்டும், தன்னுடையதை அல்ல. பட்டாலியனுக்கு முதலில் 16 ஸ்ட்ரெச்சர் ஆட்கள், பெரும்பாலும் பேண்டு வாசித்தவர்கள். பிறகு அந்த எண்ணிக்கை இரட்டிப்பானது. மருத்துவர் இருக்கும் நிலவறை சில நூறு கஜம் பின்னால். நல்ல தரையில் ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் போதும். 1917 இலையுதிர்காலத்தில் ஈப்பருக்கு அருகே பாஷென்டேல் சேற்றில் ஆறு, எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கினார்கள், சில நூறு கஜத்துக்கே மணிக்கணக்கானது.

இருட்டிய பின் சிலர் முன்மேட்டைத் தாண்டி வெளியே போனார்கள். கம்பி போடும் கூட்டத்துக்குப் பெரிய எதிரி சத்தம். மரக்கம்பத்தைச் சுத்தியலால் அடித்தால், சுத்தியலில் சாக்கைச் சுற்றினாலும் கேட்கும். பிறகு வந்த திருகு இரும்புக் கம்பங்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. வளையத்தில் ஒரு கட்டையைச் செருகித் திருப்பினால் ஓசையின்றி மண்ணில் இறங்கும். கையெறிகுண்டு எறியும் தூரத்துக்கு அப்பால் கம்பி இருக்க வேண்டும். அருகில் போட்டால் எதிரி கம்பிக்கு வெளியே படுத்துக்கொண்டே குழிக்குள் எறிவான். வாணவெளிச்சம் எழுந்தால் நின்ற நிலையில் உறைந்துவிட வேண்டும். கீழே விழுந்து படுப்பதுதான் மனம் சொல்வது, ஆனால் அசைவைத்தான் கண் முதலில் பிடிக்கும்.

ரோந்துக்குப் போகும் ஐந்தாறு பேருக்கு எதிரியைப் போலவே சொந்தக் காவலாளும் ஆபத்து. எந்த இடத்தில் வெளியேறுகிறார்கள், எங்கே எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், அடையாளச் சொல் என்ன என்று தன் கம்பெனிக்கும் இருபுறத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நடு இரவில் காவல் மாறும்போது பழையவர் புதியவரிடம் சொல்ல மறந்தால், திரும்பி வருபவர்கள் மீது சொந்த ரவை பாயும். தூக்கமில்லாத ஆட்களிடம் அந்த மறதி அடிக்கடி நேர்ந்தது.

சிப்பாய்கள் மிகவும் வெறுத்த இரவு, ஒரு பட்டாலியன் விலகி இன்னொன்று அதன் இடத்துக்கு வரும் மாற்று இரவு. ஒரு பட்டாலியன் பொதுவாக நான்கு முதல் எட்டு நாள் முன்வரிசையில் இருக்கும். புதிய பட்டாலியனின் சில அதிகாரிகளும் இயந்திரத்துப்பாக்கி ஆட்களும் ஒரு நாள் முன்னதாகவே வந்து இடம் பார்ப்பார்கள். தோட்டாப் பெட்டி, கையெறிகுண்டு, மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், தண்ணீர் டின், வாயு எச்சரிக்கை மணி எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். இரவில் பழைய பட்டாலியனின் வழிகாட்டிகள் ஒரு சந்திப்பில் காத்திருந்து பிளாட்டூன் பிளாட்டூனாக அழைத்துவருவார்கள். ஒற்றை வரிசை, 27 கிலோ அளவுச் சுமை, புகை கூடாது, பேச்சு கூடாது. "கீழே கம்பி", "பள்ளம்" என்று முன்னால் போகிறவர் சொல்வதைப் பின்னால் ஒவ்வொருவராகக் கடத்த வேண்டும். ஒருவர் தடுக்கி விழுந்து எழுவதற்குள் அவருக்கு முன்னால் போனவர் இருளில் மறைந்திருப்பார். தொடர்பு அறுந்தால் பாதிப் பிளாட்டூன் வேறு குழிக்குள் போய்ச் சேரும். வழிகாட்டிக்கே இருட்டில் வழி தெரியாமல் போவதும் சாதாரணம். ஒரே குழியில் இரண்டு பட்டாலியன் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஓரிரு மணி நேரத்தில் குண்டு விழுந்தால் சாவு இரட்டிப்பு. மாற்று முடிந்ததென்று குறிச்சொல் போன பிறகே பழைய கட்டளை அதிகாரி கிளம்புவார்.

பின்னால் போனதும் குளியல். மதுபானத் தொட்டிகளில் வெந்நீர் ஊற்றி, கும்பல் கும்பலாக இறக்கி, சில நிமிடத்தில் வெளியேற்றித் துவைத்த உள்ளாடை கொடுப்பார்கள். பேன் மட்டும் போகாது. தையல் இடுக்கில் முட்டை தங்கியிருக்கும், உடம்புச் சூடு பட்டதும் பொரிக்கும். மெழுகுவர்த்திச் சுடரைத் தையலோரம் ஓட்டினால் பாதி சாகும், கவனம் தவறினால் துணியே எரியும். ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்கையில் தள்ளிய குழிக்காய்ச்சலைப் பரப்பியது இந்தப் பேன்தான் என்பது 1918-இல்தான் உறுதியானது. சம்பளம் கிடைக்கும், நாளுக்கு ஒரு ஷில்லிங் அடிப்படை. முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் விற்ற சிறு கடைகள், கால்பந்து, வீட்டிலிருந்து வந்த கடிதங்கள், இவைதான் அந்த நாட்களின் மகிழ்ச்சி. ஆனால் ஓய்வு என்று பெயரிட்ட நாட்களிலும் பொறியாளர் படைக்காகக் குழி வெட்டவும், தொலைபேசிக் கம்பி புதைக்கவும், தண்டவாளம் தூக்கவும் இரவுதோறும் நூறு, இருநூறு பேர் கேட்டு உத்தரவு வரும். நாலு மைல் நடந்து போய், நாலு மணி நேரம் வெட்டி, நாலு மைல் நடந்து திரும்பினால் விடிந்துவிடும். முன்வரிசையைவிட இந்த ஓய்வு களைப்பானது என்று சிப்பாய்கள் சொன்னதில் மிகையில்லை.

இத்தனைக்கும் நடுவில் படை நிலைகுலையாமல் நின்றதற்குச் சுழற்சிதான் காரணம் என்பது என் கருத்து. வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு பட்டாலியன் முன்வரிசையில் கழித்த நாட்கள் பாதியை எட்டவே இல்லை, அமைதியான பகுதிகளில் இன்னும் குறைவு. ஒரு பிரிகேடில் நான்கு பட்டாலியன்கள் இருந்ததால் இரண்டு முன்னால், இரண்டு பின்னால் என்று எளிதாகச் சுழல முடிந்தது. 1918 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறை காரணமாக பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன் என்று குறைத்தார்கள். பல பட்டாலியன்கள் கலைக்கப்பட்டு அவற்றின் ஆட்கள் மற்றவற்றில் சேர்க்கப்பட்டார்கள். அதே குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படையிடமிருந்து தெற்கே பல மைல் கோட்டையும் பிரிட்டிஷார் ஏற்றுக்கொண்டார்கள். வெட்ட வேண்டிய மண் கூடியது, வெட்டும் கைகள் குறைந்தன. தெற்கே இருந்த ஐந்தாவது ஆர்மியின் பின்வரிசைக் குழிகள் பல இடங்களில் வரைபடத்தில் கோடாகவும், தரையில் ஓரடிக் கீறலாகவும் இருந்தபோதுதான், மார்ச் 21 அன்று ஜெர்மன் தாக்குதல் அவர்கள் மீது இறங்கியது.